இரட்டை அங்கத்தவர் தொகுதி

கிண்ணியா
2025.02.24

நஸ்ரியின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கையெழுத்தைக் கண்டு பதற வேண்டாம். நம் மகன் நஸ்ரி கட்டாரில் சுகமாக இருக்கிறான், வெள்ளிக்கிழமையும் கதைத்தான். எனக்கும் சுகம்தான். போனில் என் இலக்கத்தைக் கண்டால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் முத்திரை ஒட்டுகிறேன். பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் மூதூர், அங்கே போவதற்குக் கடிதமா என்று தபாற்கந்தோர்ப் பிள்ளை நிச்சயம் கேட்பாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

விஷயம் இதுதான். நமது மூதூர்த் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் திருகோணமலை வாசகர் வட்டத்தார் புத்தகமாகப் போடப்போகிறார்கள். தேர்தல் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற யோகலிங்கம் ஐயாதான் தொகுப்பாசிரியர். கிண்ணியாப் பகுதியை என்னிடம் தந்திருக்கிறார். சமூகக் கல்வி ரீச்சருக்கு ஓய்வூதியம் கொடுத்தாலும் ஓய்வு கொடுக்க மாட்டார்கள். 1947இல் தொடங்கி, யுத்த காலத்தில் அக்கரைச் சனம் இக்கரைக்கு வந்து, பல ஊர்ச் சாவடிகளை ஒன்றாக்கிய கொத்தணிச் சாவடியில் வரிசையாக நின்றது வரை எழுதிவிட்டேன். 2018இல் வந்து பேனா நின்றுவிட்டது.

அந்த வருசம் பெப்ரவரி பத்தாம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். நமது வட்டாரத்தில் என் கூடப்பிறந்த காக்கா ஸெய்னுதீன் ஒரு சுயேச்சைக் குழுவில் மாம்பழச் சின்னத்துக்கு நின்றார். நீங்கள் இன்னொரு சுயேச்சைக் குழுவில் தேத்தண்ணிக் கேத்தல் சின்னத்துக்கு நின்றீர்கள். மச்சானும் மச்சானும் ஆளுக்கு 317 வாக்கு. திருவுளச்சீட்டில் காக்கா வென்றார். மறுநாள் காலை நீங்கள் உடுப்புப் பையோடு மூதூருக்கு, உங்களோடு பிறந்த ராத்தா வீட்டுக்குப் போனீர்கள். இன்றைக்கு ஏழு வருசமும் பதின்மூன்று நாளும். கடைசி இரண்டு வசனத்தை ஐயா புத்தகத்தில் போடமாட்டார், எனக்குத்தான் அதை விட்டுவிட்டு எழுத ஏலாமல் இருக்கிறது.

எண்ணும் அறைக்குள் நான் இருக்கவில்லை. நீங்கள் இருந்தீர்கள். உள்ளே நடந்ததை எழுதி அனுப்புங்கள், நிராகரிக்கப்பட்ட வாக்குகளைப் பற்றியும் சேர்த்து. காக்காவிடம் கேட்டால் மேடைப் பேச்சுத்தான் கிடைக்கும்.

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவே உப்பாற்றிலும் கங்கையிலும் இறால்குழியிலும் மூன்று பாலம் போட்டு எத்தனையோ வருசம். பாலம் இல்லாத காலத்தில் மிதக்கும் பாதைப் படகில் சைக்கிளை ஏற்றி, எஞ்சின் திருத்த என்று சொல்லிக்கொண்டு கிழமைக்கு மூன்று தரம் எங்கள் தெருவால் போனவர் நீங்கள். எங்கள் தெருவில் எஞ்சின் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

ஜெமீலா


மூதூர்
2025.03.08

மதிப்புக்குரிய ஜெமீலா ரீச்சர் அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. நோன்பு நாளில் கோபமாக எழுதக் கூடாது என்று ஒரு கிழமை வைத்திருந்தேன். கோபம் போகவில்லை, நோன்பும் முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தோற்றவனிடம் வரலாறு கேட்கிறீர்கள். 317, 317. சீட்டில் தோற்றேன். இவ்வளவும்தான் வரலாறு.

சீட்டில் தோற்றதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை, அதை உங்கள் ஐயா தெரிந்துகொள்ளட்டும். பெட்டியில் கை விட்டு எடுப்பது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் வெடி கொளுத்திக்கொண்டு நமது படலைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் காக்கா மைக்கைப் பிடித்து, "வந்த மாப்பிள்ளை வந்த வழியாலேயே போகட்டும்" என்றார். நமது ஊர்களில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். நானும் அப்படித்தான் வந்தேன். முப்பத்தொரு வருசம் அந்த வீட்டின் ஓட்டை மாற்றினேன், கிணற்றை இறைத்தேன், வாக்கையும் அந்த வீட்டு இலக்கத்துக்கே பதிந்தேன். ஒரு சொல்லில் வழிப்போக்கன் ஆனேன். அவர் சொன்னது குசினி வரைக்கும் கேட்டது. நீங்கள் குசினியில்தான் நின்றீர்கள்.

மறுநாள் காலை ஒரேயொரு கேள்வி கேட்டேன். யாருக்குப் போட்டாய் என்று. நீங்கள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததும் ஒரு பதில்தான்.

நான் இங்கே படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் வள்ளக்காரருக்கு எஞ்சின் திருத்துகிறேன். ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
மு. றுவைஸ்

கஞ்சிக்கு ராத்தா வெந்தயத்தை அள்ளிப் போடுகிறா. சொன்னால் அழுவா என்று குடிக்கிறேன்.


கிண்ணியா
2025.03.22

நஸ்ரியின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் "நீங்கள்", "உங்கள்", "கேட்கிறீர்கள்" என்று ஏழு தரம் மரியாதை வந்திருந்தது. வங்கி முகாமையாளருக்கு எழுதினாலும் இவ்வளவு வராது. ஆனாலும் கடைசியில் வெந்தயத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்த ஒரு வரியை ரீச்சருக்கு எழுதவில்லை, எனக்கு எழுதினீர்கள். நோன்பு திறக்கிற நேரம் நானும் இங்கே கஞ்சிக் கோப்பையை வைத்துக்கொண்டு தனியே பாங்குக்குக் காத்திருக்கிறேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டுப் பழகின கை. ஒவ்வொரு நாளும் மிஞ்சுகிறது. அயலுக்குக் கொடுக்கிறேன்.

காக்கா சொன்னது பிழை. அன்று நான் குசினியை விட்டு வெளியே வந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் பிழை. ஏழு வருசம் பிந்தி எழுதுகிறேன், எழுதும்போதும் முகம் சுடுகிறது.

இனிக் கொஞ்சம் வரலாறு. புத்தகத்துக்காக எழுதிய பகுதியில் ஒன்றை உங்களுக்குச் சொல்ல ஆசை.

1960இலிருந்து 1977 வரைக்கும் நமது மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்தது. பாராளுமன்றத்துக்கு ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் போவார்கள். முஸ்லிம் சனமும் தமிழ்ச் சனமும் கலந்து வாழ்கிற இடம் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. இரண்டு புள்ளடியையும் ஒருவருக்கே போடலாம், ஆளுக்கொன்றாகவும் பிரிக்கலாம். 1970இல் எனக்கு ஏழு வயது. உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாவடிக்குப் போனேன். திரும்பி வரும்போது, யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "இங்கால ஒண்டு, அங்கால ஒண்டு. ரெண்டு பேரும் நம்மட ஆக்கள்தானே மகள், ஒருத்தருக்குக் குடுத்து மற்றவரைப் பட்டினி போட ஏலுமா?" என்றா.

பிறகு 77இல் ஒற்றை அங்கத்தவராக்கினார்கள். 89இல் தொகுதியையே மாவட்டத்துக்குள் கரைத்து, ஒரு கட்சிக்கு ஒரு புள்ளடியும் மூன்று விருப்பு வாக்கும் தந்தார்கள். 2018இல் உள்ளூராட்சிக்கு மறுபடி வட்டாரம் என்று சுருக்கி ஒற்றைப் புள்ளடிக்கு வந்தோம். யோகலிங்கம் ஐயா இதையெல்லாம் சட்டத் திருத்தம் என்று எழுதுகிறார். எனக்கு அது உம்மாவின் கையிலிருந்து ஒன்றைப் பறித்தது போல் இருக்கிறது.

மே ஆறாம் திகதி மறுபடி உள்ளூராட்சித் தேர்தல் என்று அறிவித்துவிட்டார்கள். இந்த முறை காக்கா நிற்கவில்லை. உங்கள் பெயர் இப்போதும் இந்த வீட்டு இலக்கத்தில்தான் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. வருசா வருசம் கிராம அலுவலர் படிவத்தைக் கொண்டுவந்து, "ரீச்சர், இவர் இஞ்சதான் இருக்கிறாரா?" என்று கேட்பார். வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி முதல் வரியில் உங்கள் பெயரை எழுதுவேன். ஒருமுறை வெட்டினால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு.

எண்ணிய கதையை முழுதாக எழுதுங்கள். நிராகரித்தவற்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெமீலா


மூதூர்
2025.04.05

ஜெமீலா,

ஏழு தரம் என்று எண்ணினாயா? சரி, இனி இல்லை.

பெருநாள் தொழுகைக்குப் பிறகு இங்கே எல்லோரும் புது உடுப்போடு ஆளாளுக்கு வீடு போனார்கள். நான் படகு ஜெட்டியில் போய் இருந்தேன். திருகோணமலைக்கு லோஞ்சு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உன் கடிதத்தை இரண்டாம் தரமும் வாசித்தேன். பிழை என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் அன்றே வந்திருந்தால் நான் படலையைத் தாண்டியிருக்க மாட்டேன்.

கேட்டதை எழுதுகிறேன். உன்னுடைய பள்ளிக்கூடத்தில்தான் சாவடி, அங்கேயேதான் எண்ணினார்கள். ஐந்தாம் ஆண்டு வகுப்பறை. நானும் உன் காக்காவும் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். முதலில் எண்ணும்போது அவர் இரண்டு கூட. மறுபடி எண்ணும்போது சமன். மூன்றாம் தரமும் சமன்.

பிறகு நிராகரித்த கட்டை எடுத்தார்கள். ஒன்பது சீட்டு. நாலு வெறும் வெள்ளை. நாலில் என்னவோ கிறுக்கல். கடைசிச் சீட்டில் மாம்பழத்துக்கு நேரே ஒரு புள்ளடி, கேத்தலுக்கு நேரே ஒரு புள்ளடி. இரண்டும் நல்ல திருத்தமான புள்ளடி. நான் எழும்பி, கேத்தலில் உள்ளதுதான் அழுத்தமாக இருக்கிறது, அது எனக்கு என்றேன். அவர் எழும்பி, மாம்பழத்தில்தான் முதலில் போட்டிருக்கிறது, அது தனக்கு என்றார். சீட்டுக்குச் சேதம் வரப்போகிறது என்று அலுவலர் இரண்டு பேரையும் இருத்தினார். ஒருவருக்குத்தான் போட வேண்டும், இது செல்லாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் திருவுளச்சீட்டு.

உண்மையைச் சொன்னால், மச்சானை விட எனக்கு அந்தச் சீட்டின் மேல்தான் ஆத்திரம். ஒரு புள்ளடி குறைத்துப் போட்டிருந்தால் நானோ அவரோ, யாரோ ஒருவர் கௌரவமாக வென்றிருப்போம். மறுநாள் காலையும் உனக்கு முன்னால் சொன்னேன், ஞாபகம் இருக்கும். படிப்பறிவில்லாத எந்தக் கழுதை போட்டதோ, அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று.

இவ்வளவும்தான் நடந்தது. இனி நீ சொல். அன்று கேட்டதைத்தான் இன்றும் கேட்கிறேன். காக்காவுக்கு என்றால் காக்காவுக்கு என்று எழுது. எனக்கு வயது அறுபத்தைந்து. இதைத் தெரியாமல் மௌத்தாக விருப்பமில்லை.

றுவைஸ்


கிண்ணியா
2025.04.19

நஸ்ரியின் வாப்பாவுக்கு,

இரண்டு கிழமை பிந்திவிட்டது. நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

அந்தச் சீட்டு என்னுடையது.

வேட்பாளர் இரண்டு பேரும் என் உறவு என்று அந்த முறை எனக்குத் தேர்தல் கடமை தரவில்லை. மற்ற வருசமெல்லாம் எப்படிப் புள்ளடி போட வேண்டும், எப்படிப் போட்டால் செல்லாது என்று ஊருக்கே வகுப்பெடுத்தவள் நான். அறியாமல் போட்டேன் என்று சொல்லித் தப்ப ஏலாது. மட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். வாக்கு அமானிதம், நம்பித் தந்த பொருள், வீணாக்கக் கூடாது என்றும் தெரியும். பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றேன், வெளியே இருந்த பிள்ளை "ரீச்சர், முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

காக்கா என்னை வாப்பா இல்லாத குறை தெரியாமல் வளர்த்தவர். நீங்கள் நீங்கள்தான். காக்காவுக்குப் போட்டேன். போட்டுவிட்டு மடிக்கப் பார்த்தேன், கை மடிக்கவில்லை. உங்களுக்கும் போட்டேன். அழுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், அழுத்தித்தான் போட்டேன். 1970 என்றால் இரண்டும் செல்லும். 2018இல் இரண்டும் செல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை நீங்கள் அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று சொன்ன நேரம், அந்தக் கையால்தான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு யாருக்குப் போட்டாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இரண்டு பேருக்கும் என்று சொன்னால் உங்களைத் தோற்கடித்த கழுதை நான். காக்காவுக்கு என்றாலும் பொய், உங்களுக்கு என்றாலும் பொய். வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். உங்களுக்கே போட்டிருப்பேன் என்று நினைத்துக் காக்காவும் இரண்டு வருசம் என்னோடு கதைக்கவில்லை. இரண்டு பேரையும் வைத்திருக்கப் போய் இரண்டு பேரையும் விட்டேன்.

புத்தகத்தில் இதை எழுதப்போவதில்லை. நிராகரிக்கப்பட்டவை ஒன்பது என்று மட்டும் வரும். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை தபால்காரர் இரண்டு வாக்காளர் அட்டை தந்தார். உங்களுடையதை இதோடு வைத்திருக்கிறேன். யாருக்காவது போடுங்கள், போடாமல் விடுங்கள், அது உங்கள் இஷ்டம். நான் கேட்பது வேறு. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. வந்து முற்றத்தில் நின்று ஏசிவிட்டாவது போங்கள். இந்த வீட்டில் சத்தம் கேட்டுக் கனகாலம்.

ஜெமீலா


மூதூர்
2025.05.09

ஜெமீலா,

நான் வந்தனான். உனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்று பட்டறையைப் பூட்டிவிட்டேன். ஒரு வள்ளக்காரன் வந்து, எஞ்சின் தருகிறேன் என்றாயே என்று சத்தம் போட்டான். நாளைக்கு வா என்றேன். அடுத்த நாளும் நாளைக்கு வா என்றேன். ஏழு வருசம் ஒரு கடதாசியின் மேல் ஆத்திரமாக இருந்திருக்கிறேன். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து எனக்குத்தான், எனக்குத்தான் என்று கத்தினேனே, அது உன் கை. அந்தக் கைக்கு நான் சொன்ன சொல்லை அல்லாஹ் எடுத்துக்கொள்ளாமல் விட்டதற்கு ஒவ்வொரு தொழுகையிலும் அழுகிறேன். என்னை மன்னித்துக்கொள். கழுதை நான்தான்.

ஆறாம் திகதி முதல் பஸ்ஸில் ஏறினேன். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நின்றேன். உள்ளே அலுவலர் அட்டையை வாங்கி, ஏஜெண்டுமாருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தார். தொடரிலக்கம், பிறகு உன் வீட்டு இலக்கம், பிறகு முஹம்மது லெப்பை றுவைஸ். அந்த வீட்டு இலக்கத்தோடு என் பெயரை ஒருவர் வாசித்துக் கேட்டதும் விரலை நீட்ட மறந்து நின்றுவிட்டேன். விரலில் மை பூசிய பிள்ளை, "பெரியப்பா, சுகமில்லையா?" என்று கேட்டது. யாருக்குப் போட்டேன் என்று நினைவில்லை. ஒருவருக்குத்தான் போட்டேன்.

பிறகு உன் தெருவுக்கு வந்தேன். சேர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு படலை வரைக்கும் வந்தேன். உள்ளே றேடியோ படித்தது. குசினிப் பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம். உன்னுடைய துருவல் எனக்குத் தெரியும், விட்டு விட்டுத்தான் துருவுவாய். படலையில் கை வைத்தேன்.

வாசற்படியில் ஒரு சோடி ஆம்பிளைச் செருப்புக் கிடந்தது. கறுப்பு நிறம். கிட்டடியில் வாங்கிய புதுசு.

மச்சான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த மனிசனுக்கு முன்னால், வந்த வழியால் போனவன் மறுபடி வந்து நிற்பதா? அவருடைய செருப்பு இல்லை என்றால், பிறகு யாருடையது என்று நினைக்கவும் எனக்குத் தெம்பில்லை. ஏழு வருசம் விட்டுவிட்டுப் போனவனுக்கு அதைக் கேட்க உரிமையும் இல்லை. கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன். எட்டரை பஸ்ஸில் மூதூருக்கு வந்துவிட்டேன். கங்கைப் பாலத்தில் பஸ் ஏறும்போது, இறங்கி ஓடி வரலாமா என்று ஒரு மனம் சொன்னது. ஓடுகிற வயதில்லை.

விருப்பம் என்றால் எழுது. இல்லையென்றால் விடு. பெயரை வெட்டுவதென்றாலும் வெட்டு.

றுவைஸ்


கிண்ணியா
2025.05.14

நஸ்ரியின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நின்றபடி எழுதுகிறேன். எழுத்துக் கோணல் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று வீட்டில் காக்கா இல்லை. ஒருவரும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

தனியே இருக்கிற பொம்பிளை வாசலில் ஆம்பிளைச் செருப்பு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் போன இரண்டாம் மாதம் ஒரு ராத்திரி யாரோ படலையை ஆட்டினார்கள். அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு சோடி வாங்கி வந்து படியில் வைத்தேன். காலையில் ஒரு பக்கமாகத் திருப்பி வைப்பேன், பின்னேரம் மறு பக்கமாக. ஆள் போய் வருகிற மாதிரி இருக்க வேண்டுமே. வெயிலிலும் மழையிலும் கிடந்து இறப்பர் வெடித்துவிடும். வெடித்தால் புதுசு வாங்குவேன். இப்போது கிடப்பது நாலாவது சோடி.

கடைக்காரன் ஒவ்வொரு முறையும் என்ன அளவு என்று கேட்பான். பயம் காட்டுவதற்கு எந்த அளவும் போதும். நான் எட்டு என்றுதான் சொல்லுவேன். உங்கள் கால் எட்டு.

படலைக்குப் பூட்டில்லை, கொளுக்கி மட்டும்தான். நீங்கள் வந்து காலை விட்டுப் பாருங்கள். ஒருவரும் இன்னும் போடவில்லை.

ஜெமீலா